மூலநிரலிலிருந்து எழுப்பப்படும் தரவுத்தளம்

வங்கிக் கணக்கின் இருப்பு, மருத்துவமனைப் பதிவேடு, கல்லூரிச் சேர்க்கைப் பட்டியல் என நிலையாகக் காக்கப்பட வேண்டிய விவரங்களைப் பெற்று, ஒழுங்குபடுத்தி, ஒரே நேரத்தில் பலர் கேட்டாலும் முரணின்றித் திருப்பித் தரும் மென்பொருளே தரவுத்தள வழங்கி, அதாவது டேட்டாபேஸ் சர்வர், எனப்படுகிறது. பெரும்பாலானோர் இதனை இயங்குதளத்தின் தொகுப்புக் களஞ்சியத்திலிருந்து ஒரே கட்டளையில் பெற்றுக்கொள்கின்றனர். அவ்வாறு வருவது, வேறொருவர் தம் கணினியில் தம் தேர்வுகளின்படி முன்னரே இயந்திரமொழியாக்கி வைத்த ஆயத்தப் பொருள். மனிதர் படித்து விளங்கிக்கொள்ளத்தக்க மூலநிரலையே பெற்று, அதனைத் தம் கணினியிலேயே தொகுத்து நிறுவுவது மற்றொரு வழி. இவ்வழியில் செல்வோர் அடையும் பெரும்பயன் வேகமோ சிக்கனமோ அன்று. ஆயத்தப் பொருளில் மறைந்து கிடக்கும் முடிவுகள் எவை, அவற்றுள் எவற்றைப் பின்னர் மாற்றலாம், எவற்றை மாற்றவே இயலாது என்பவை படிப்படியாக வெளிப்படுவதே அப்பயன்.

இதனை விளக்க போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தளம் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ் என்றே வழங்கும் இம்மென்பொருள், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986இல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தில் பிறந்தது. ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்னும் இரு மாணவர்கள் 1994இல் அதற்கு எஸ்கியூஎல் என்னும் வினவல் மொழியை அறியும் திறனைச் சேர்த்தனர். 1996இல் இன்றைய பெயர் சூட்டப்பட்டது. ஸ்டோன்பிரேக்கர் 2014ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றார். பல்கலைக்கழகம் தன் பங்கை முடித்துக்கொண்ட பின்னரும், உலகெங்கும் பரவியுள்ள தன்னார்வலரும் நிறுவனப் பணியாளரும் இணைந்து இதனை வளர்த்து வருகின்றனர். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்னும் தாராளமான உரிமத்தின்கீழ் சி மொழியில் எழுதப்பட்ட அதன் மூலநிரல் முழுவதும் வெளிப்படையாகக் கிடைக்கிறது.

மூலநிரல் ஒரே சுருக்கக் கோப்பாக வழங்கப்படுகிறது. அதனுடன் எஸ்எச்ஏ-256 முறையில் கணக்கிட்ட சரிபார்ப்புத் தொகை ஒன்றும் வெளியிடப்படுகிறது. கோப்பின் ஒரு பிட் மாறினாலும் இத்தொகை முற்றிலும் வேறாகிவிடுமாதலால், இறக்கிய கோப்பிலிருந்து அதே தொகையைக் கணக்கிட்டு ஒப்பிடுவது முதல் வேலை. கோப்பை விரித்ததும் கான்ஃபிகர் என்னும் நிரல் கண்ணில் படும். தொகுத்தல் பணியின் தொடக்கம் அதுவே.

கான்ஃபிகர் செய்வது ஒருவகை ஆய்வு. சி மொழியில் எழுதிய நிரலை இயந்திரமொழியாக மாற்றும் கம்பைலர் கணினியில் உள்ளதா, முழு எண்கள் எத்தனை பைட்டுகளில் சேமிக்கப்படுகின்றன, இன்ன செயற்கூறு இந்த இயங்குதளத்தில் கிடைக்குமா என்று நூற்றுக்கணக்கான கேள்விகளை அது எழுப்புகிறது. பெரும்பாலான கேள்விகளுக்குச் சில வரிகளே உள்ள சிறு நிரல்களை எழுதி, தொகுத்துப் பார்த்து, வெற்றியா தோல்வியா என்பதிலிருந்தே விடை காண்கிறது. விடைகள் யாவும் ஒரு தலைப்புக் கோப்பில் பதிவாகின்றன. பின்னர் தொகுக்கப்படும் ஒவ்வொரு நிரற்கோப்பும் அத்தலைப்புக் கோப்பைப் படித்தே தன்னைச் சூழலுக்கேற்ப அமைத்துக்கொள்கிறது. 2023இல் வந்த 16ஆம் பதிப்பு முதல் மெசான் என்னும் புதிய கட்டமைப்புக் கருவியையும் பயன்படுத்தலாம். ஆயினும் பழைய முறை தொடர்ந்து வழக்கில் உள்ளது.

புதியவர்கள் முதலில் தடுமாறும் இடமும் இதுவே. கட்டளை வரியைத் திருத்தவும் முந்தைய கட்டளைகளை மீட்கவும் உதவும் ரீட்லைன் என்னும் நூலகம் கணினியில் இருந்தும், அது காணப்படவில்லை என்று கான்ஃபிகர் நின்றுவிடுவதுண்டு. ஒரு நூலகத்துக்கு இரண்டு பகுதிகள் உள்ளமையே காரணம்: இயங்கும் நிரல்களுக்குத் தேவையான இயந்திரமொழிக் கோப்பு ஒன்று, அந்நூலகத்தை அழைக்கும் நிரலைத் தொகுப்பதற்குத் தேவையான தலைப்புக் கோப்புகள் மற்றொன்று. தொகுக்காமல் பயன்படுத்துவோர்க்கு இரண்டாவது பகுதி வேண்டியதில்லை என்பதால் லினக்ஸ் வழங்கல்கள் அதனைத் தனித் தொகுப்பாகப் பிரித்து, டெபியன் வழியினவற்றில் பெயரின் இறுதியில் 'டெவ்' என்றும், ரெட்ஹேட் வழியினவற்றில் 'டெவல்' என்றும் சேர்த்து வழங்குகின்றன. அத்தொகுப்பை நிறுவினால் சிக்கல் தீரும். நூலகத்தையே விலக்கிவிடும்படி கான்ஃபிகருக்குச் சொல்லவும் வழி உண்டெனினும், அவ்வாறு செய்தால் நாள்தோறும் கட்டளை தட்டச்சிடுவோர் அம்பு விசைகளின் உதவியை இழப்பர். இவ்விலக்கைத் தவிர்ப்பதே நன்று.

மூலநிரலிலிருந்து தொகுக்கப்பட்டது என்பதே நம்பகத்துக்குப் போதிய சான்றாகாது என்பதை 2024 மார்ச்சில் வெளிப்பட்ட நிகழ்வு உணர்த்தியது. அதனை வெளிக்கொணர்ந்தவரும் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநருள் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்டே. டெபியன் கணினியில் போஸ்ட்கிரெஸின் வேகத்தை நுணுக்கமாக அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை தேவைக்கு மிஞ்சி மையச் செயலியை உழைக்க வைப்பதையும், உள்நுழைவு ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதையும் அவர் கவனித்தார். அத்தாமதத்தின் தடத்தைப் பின்பற்றிச் சென்றபோது, எக்ஸ்இசட் என்னும் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் களவாகப் புகுத்தப்பட்ட பின்வாசல் ஒன்று வெளிப்பட்டது. தீய நிரல் சோதனைக் கோப்புகள் என்னும் போர்வையில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதனை எழுப்பி அம்மென்பொருளின் நூலகத்துக்குள் சேர்க்கும் கட்டளையோ, அனைவரும் பார்வையிடும் பொதுக் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுக்கென ஆக்கிய சுருக்கக் கோப்பில் மட்டும், அதுவும் கான்ஃபிகர் நிலையில் இயங்கும் பகுதியில் இடப்பட்டிருந்தது. களஞ்சியத்தைப் படித்தவர் எவர் கண்ணிலும் முழுச் சூழ்ச்சி படாமல் போனதற்கு இதுவே காரணம்.

ஆகவே, பொதுவில் படிக்கப்படும் நிரலும் சுருக்கக் கோப்பாகத் தரப்படும் நிரலும் ஒன்றேயா என்னும் கேள்வி வெறும் ஐயமன்று. போஸ்ட்கிரெஸ் குழு இந்நிகழ்வுக்கு முன்னரே ஒரு நல்ல முடிவை எடுத்திருந்தது. முன்பெல்லாம் அதன் சுருக்கக் கோப்பில், பைசன், ஃபிளெக்ஸ் ஆகிய கருவிகள் உருவாக்கிய இடைநிலை நிரல்கள் பயனரின் வசதிக்காகச் சேர்த்து வழங்கப்பட்டன. 2024இல் வெளியான 17ஆம் பதிப்பு முதல் அவை நீக்கப்பட்டு, களஞ்சியத்தில் உள்ளவை மட்டுமே கோப்பில் இடம்பெறுகின்றன. இதனால் தொகுப்பவர் அவ்விரு கருவிகளையும் பெர்ல் மொழியையும் தாமே நிறுவிக்கொள்ள வேண்டியுள்ளது. ஒப்பிட்டுச் சரிபார்ப்பது எளிதாவதை எண்ணினால் இச்சிறு தொல்லை ஏற்கத்தக்கதே.

அடுத்த கட்டளையான மேக், கான்ஃபிகர் வகுத்த திட்டத்தின்படி எந்தக் கோப்பு எதைச் சார்ந்துள்ளது என்று அறிந்து உரிய வரிசையில் தொகுப்பை நடத்துகிறது. எஸ்கியூஎல் மொழியின் இலக்கணம் முழுவதும் தனிக்கோப்பு ஒன்றில் விதிகளாக எழுதப்பட்டுள்ளது. அதனைப் பைசன் சி நிரலாக மாற்றுகிறது. ஒவ்வொரு சி கோப்பும் இயந்திரமொழித் துண்டாக மாறிய பின், இணைப்பி என்னும் கருவி அத்துண்டுகளைக் கோத்து இயங்கும் நிரலாக்குகிறது. இக்காலக் கணினிகளில், பல வேலைகளை ஒருசேரச் செய்யும்படி கேட்டால், சில நிமிடங்களில் இது முடிந்துவிடும்.

தொகுக்கும் அப்பொழுதில்தான் சில அளவுகள் நிரலுக்குள் நிலையாகப் பதிகின்றன. போஸ்ட்கிரெஸ் தன் தரவை, பேரேட்டின் பக்கங்களைப் போல, ஒரே அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து வட்டில் எழுதுகிறது. பக்கத்தின் இயல்பு அளவு 8 கிலோபைட். இதனை 1 முதல் 32 கிலோபைட் வரை இரண்டின் அடுக்குகளாக மாற்றலாம், ஆனால் தொகுக்கும்போது மட்டுமே; ஓர் அளவில் தொகுத்த வழங்கி வேறோர் அளவில் எழுதப்பட்ட தரவைத் திறக்க மறுத்துவிடும். ஆயத்தத் தொகுப்பை நிறுவுபவருக்கு இப்படியொரு தேர்வு இருந்ததே தெரிய வாய்ப்பில்லை. ஆயினும் தகுந்த அளவீடுகள் இன்றி இந்த இயல்பு மதிப்பை மாற்றுவது விவேகமன்று.

தமிழில் அட்டவணைகளுக்குப் பெயரிட விரும்புவோரை நேரடியாகத் தொடும் மற்றோர் அளவும் உண்டு. அட்டவணை, நெடுவரிசை முதலியவற்றின் பெயர் 63 பைட்டுகளைத் தாண்டக்கூடாது என்னும் வரம்பு நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டுள்ளது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும், அதாவது மெய்யின் மேலிடும் புள்ளிக்கும் உயிர்மெய்யின் துணைக்குறிக்கும்கூட, மூன்று பைட்டுகள் தேவை. ஆகவே தமிழ்ப் பெயருக்கு 21 குறியீடுகளே எல்லை. 'மாணவர்_வருகைப்பதிவேடு' என்னும் பெயர் அடிக்கோட்டின் ஒரு பைட்டையும் சேர்த்து 61 பைட்டுகளாகி மயிரிழையில் அடங்கிவிடும். அதன் இறுதியில் 'கள்' சேர்த்தாலோ, அவ்விகுதி முழுவதையும் வழங்கி வெட்டிவிட்டு, வெட்டியதாக ஓர் அறிவிப்பை மட்டும் தரும். விகுதி உள்ள பெயரும் இல்லாத பெயரும் அதன் கணக்கில் ஒன்றாகிவிடும். மூலநிரலை வைத்திருப்பவர் இவ்வரம்பை உரிய தலைப்புக் கோப்பில் உயர்த்தி மீண்டும் தொகுக்கலாம். ஆனால் அப்போது உருவாகும் தரவும் பிற கணினிகளிலுள்ள இயல்பான போஸ்ட்கிரெஸுக்குப் பொருந்தாததாகிவிடும் என்பதால், பெயர்களைச் சுருக்கமாக வைப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

தொகுத்து முடித்தவர் நேரே நிறுவலுக்குத் தாவிவிடுவது பரவலான பழக்கம். நடுவிலுள்ள சோதனைக் கட்டத்தைத் தவறவிடுவது பெரும் இழப்பு. மேக் செக் என்னும் கட்டளை, தொகுத்த நிரலைத் தற்காலிக இடமொன்றில் நிறுவி, தற்காலிக வழங்கியைத் தொடங்கி, இருநூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளை நடத்தி, கிடைக்கும் விடைகளை எதிர்பார்த்த விடைகளோடு வரிக்கு வரி ஒப்பிடுகிறது. எண் கணிதம், தேதிக் கணக்கு, குறியீட்டுத் தேடல் எனத் தரவுத்தளத்தின் முக்கியக் கூறுகள் பல இதில் அடங்கும். ஒரு சோதனை தோற்றால் வேறுபாடு எங்கே என்பது தனிக்கோப்பில் எழுதப்படும். இந்தக் கம்பைலர், இந்த நூலகங்கள், இந்தச் செயலி ஆகியவை சேர்ந்த இக்கணினியில் இந்நிரல் சரியாக நடக்கிறது என்பதற்கு, ஆயத்தப் பொருளை நிறுவியவருக்குக் கிட்டாத நேரடிச் சான்று இது.

மேக் இன்ஸ்டால், உருவான கோப்புகளைத் தனியொரு கோப்புறையின்கீழ் படியெடுக்கிறது. வேறிடம் சொல்லாவிட்டால் அது யூஎஸ்ஆர் கோப்புறைக்குள் லோக்கல், அதற்குள் பிஜிஎஸ்கியூஎல் என அமையும். இயங்குதளத்தின் பிற மென்பொருள்களோடு கலவாமல் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால், ஒரே கணினியில் இரண்டு மூன்று பதிப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட முடிகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு: நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகங்களை இயங்குதளம் இப்புதிய இடத்தில் தேட அறியாமல் போகலாம் என்பதால், தேடும் இடங்களின் பட்டியலில் இதனையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

இதுவரை உருவானது நிரல் மட்டுமே. தரவை வைக்கும் இடம் இன்னும் ஆயத்தமாகவில்லை. அதற்குமுன், வழங்கியை நடத்துவதற்கென்றே போஸ்ட்கிரெஸ் என்னும் தனிப் பயனர் கணக்கு உருவாக்கப்படுகிறது. அனைத்து அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கில் இயக்க முயன்றால் வழங்கி தொடங்கவே மறுக்கும். வழங்கியில் யாரேனும் ஓட்டை கண்டால் அவ்வோட்டை வழியே கணினி முழுவதும் பறிபோகக் கூடாது என்பதே நோக்கம். புதிய கணக்கை இயங்குதளக் கணக்குகளின் வகையில் உருவாக்குவது முக்கியம். லினக்ஸின் சிஸ்டம்டி, சாதாரணப் பயனர் ஒருவர் வெளியேறியதும் அவர் பெயரிலுள்ள பகிர்நினைவு முதலியவற்றை இயல்பாகத் துடைத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் வழங்கி அதனால் காரணம் புரியாமல் முறிந்து விழும். ஆயத்தத் தொகுப்புகள் இதனைச் சொல்லாமலே சரியாகச் செய்துவிடுகின்றன; மூலநிரலிலிருந்து நிறுவுபவர் அறிந்து செய்ய வேண்டும்.

இனிட்-டிபி என்னும் நிரல், தரவுக் கோப்புறையை அமைத்து, போஸ்ட்கிரெஸ் என்னும் பெயருள்ள தரவுத்தளம் ஒன்றையும், புதியவற்றுக்கு அச்சாக அமையும் இரண்டையும் அதில் உருவாக்குகிறது. அளவுகள் எந்நிலையில் நிலைபெறுகின்றன என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறுவதும் உண்டு. மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் குறிப்பேட்டுக் கோப்பின் 16 மெகாபைட் அளவு, 10ஆம் பதிப்பு வரை தொகுக்கும்போதே முடிவு செய்யப்பட வேண்டியதாக இருந்தது. 11ஆம் பதிப்பு முதல் அம்முடிவு இனிட்-டிபி நிலைக்கு நகர்ந்தது. மீண்டும் தொகுக்காமலே அதனை மாற்றத் தேவை எழுந்ததன் விளைவு இது.

இந்நிலையில் கவனத்துக்குரியவை இரண்டு. முதலாவது பாதுகாப்பு. வேறெதுவும் சொல்லாமல் இனிட்-டிபியை இயக்கினால், அக்கணினியிலுள்ள எந்தப் பயனரும் கடவுச்சொல்லின்றித் தரவுத்தள நிர்வாகியாகவே நுழையும்படி அமைப்பு உருவாகிவிடும். அது ஓர் எச்சரிக்கையைக் காட்டுகிறது. ஆனால் பல வரிகளுக்கு நடுவே அதனைப் படிப்போர் குறைவு. தனியாள் கணினியில் பயில்வதற்கு இது வசதியாயினும், பலர் பகிரும் கணினியில் கடவுச்சொல் முறையைத் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறுவது கட்டாயம்.

இரண்டாவது, சொற்களை வரிசைப்படுத்தும் முறை. ஒன்றும் குறிப்பிடாவிட்டால் இனிட்-டிபி கணினியின் அப்போதைய மொழிச் சூழலை எடுத்துக்கொள்கிறது. அது சி என்னும் அடிப்படைச் சூழலாக இருந்தால், சொற்கள் ஒருங்குறி எண்களின் வரிசையிலேயே அடுக்கப்படும். ஒருங்குறி அட்டவணையில் ன என்னும் எழுத்து ந-வை அடுத்தும், ற என்பது ர-வை அடுத்தும், ள, ழ ஆகியவை வ-வுக்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன. அதனால் 'பரணி'க்கு முன் 'பனை'யும், 'கவிதை'க்கு முன் 'கழனி'யும் வந்து நிற்கும். அகராதி பார்த்துப் பழகிய எவருக்கும் அப்பட்டியல் பிழையாகவே தோன்றும். ஐசியூ என்னும் பன்மொழி நூலகம் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்னும் மரபு வரிசையை அறியும். 16ஆம் பதிப்பு முதல் கான்ஃபிகர் இந்நூலகத்தை இயல்பாகவே எதிர்பார்க்கிறது. தமிழ்ப் பெயர்ப் பட்டியல்களைக் கையாளவிருக்கும் ஒருவர், நூலகம் கிடைக்கவில்லை என்ற பிழையைக் கண்டு அதனை விலக்கிவிட்டுத் தொகுப்பாராயின், அவசரத்தில் எடுத்த அம்முடிவின் விளைவு முதல் பட்டியலை அச்சிடும் நாளில்தான் அவருக்குத் தெரியவரும்.

வரிசை முறை தோற்றத்தைப் பற்றியது மட்டுமன்று. விரைந்து தேடுவதற்கான சொற்குறியீடுகள் இயல்பாக வரிசைப்படியே வட்டில் எழுதப்படுகின்றன. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, 2018இல் வந்த 2.28ஆம் பதிப்பில் தன் வரிசை விதிகளைப் பெரிதும் மாற்றியபோது, இயங்குதளத்தை மேம்படுத்திய பலரின் போஸ்ட்கிரெஸ் குறியீடுகள் புதிய விதிக்குப் பொருந்தாமல் போயின. இருக்கும் பதிவையே இல்லையென்று சொல்லும் நிலை ஏற்பட்டு, குறியீடுகளை மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. தரவுத்தளம் தன் நிரலால் மட்டுமன்றித் தான் சார்ந்துள்ள நூலகங்களாலும் ஆனது என்பதைக் கான்ஃபிகரின் கேள்விகளைக் கடந்து வந்தவர் எளிதில் உணர்வர்.

இனிப் பிஜி-சிடிஎல் என்னும் நிரலால் வழங்கியைத் தொடங்கலாம். 5432 என்னும் துறை எண்ணில், அதே கணினியிலிருந்து வரும் அழைப்புகளுக்கு மட்டும் அது செவிசாய்க்கும். ஒரே சமயத்தில் எத்தனை இணைப்புகள், எவ்வளவு நினைவகம், வெளிக் கணினிகளுக்கு இடம் உண்டா என்பன போன்றவை சாதாரண எழுத்துக்கோப்பில் இருப்பதால், அவற்றை எப்போது வேண்டுமாயினும் மாற்றிக்கொள்ளலாம்.

நிறுவியதோடு பொறுப்பு முடிவதில்லை. போஸ்ட்கிரெஸ் குழு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில், பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது; ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் ஐந்தாண்டுகள் இவ்வாதரவு தொடரும். ஆயத்தத் தொகுப்பு வைத்திருப்பவர்க்கு இத்திருத்தங்கள் இயங்குதளப் புதுப்பிப்போடு சேர்ந்தே வந்துவிடும். தாமே தொகுத்தவர் ஒவ்வொரு முறையும் மீண்டும் தொகுக்க வேண்டும். நிரலைப் பயில்வோர், அதில் திருத்தம் செய்வோர், தொகுப்புகள் கிடைக்காத கணினி வகையில் பணிபுரிவோர் ஆகியோர்க்கு அவ்வுழைப்பு பொருளுடையது. பள்ளி அலுவலகம் ஒன்றின் கணக்குகளைத் தனியொருவராகப் பார்த்துக்கொள்பவர்க்கு ஆயத்தத் தொகுப்பே தக்கது. மீண்டும் தொகுக்கும்போது முன்பு கான்ஃபிகருக்குத் தந்த விருப்பங்கள் அப்படியே தரப்பட வேண்டும். அவற்றை மறந்தவர்க்கு உதவ, பிஜி-கான்ஃபிக் என்னும் சிறு நிரல் நிறுவலோடு வருகிறது. அதனிடம் கேட்டால் அவ்விருப்பங்களை வரிசையாகச் சொல்லிவிடும்.

பெரும் பதிப்பு மாறும்போது வட்டிலுள்ள அமைப்பும் மாறக்கூடும் என்பதால், பிஜி-அப்கிரேடு என்னும் கருவி பழைய தரவைப் புதிய பதிப்புக்கு மாற்றித் தருகிறது. மாற்றுமுன் இரு பதிப்புகளின் பக்க அளவு, பெயர் நீள வரம்பு முதலியவற்றை அது ஒப்பிட்டு, ஒன்று வேறுபட்டாலும் பணியை நிறுத்திவிடும். அந்நிலையில் தரவு முழுவதையும் எஸ்கியூஎல் கட்டளைகளாக வெளியே எடுத்துப் புதிய வழங்கியில் மீண்டும் ஏற்றுவதே எஞ்சும் வழி. 2025இல் வெளியான 18ஆம் பதிப்பில், பக்கங்கள் வட்டில் பழுதடைந்தால் கண்டுபிடிக்க உதவும் சரிபார்ப்புத் தொகை இனிட்-டிபியில் இயல்பாகவே இயக்கப்படுகிறது. முந்தைய பதிப்புகளில் அதனைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. பிஜி-அப்கிரேடு இதனையும் ஒப்பிடுவதால், பழைய தரவில் அத்தொகை இல்லாதவர், 18ஆம் பதிப்பின் தரவுக் கோப்புறையை அமைக்கும்போது அது வேண்டாமென்று குறிப்பிட வேண்டும், அல்லது பழைய வழங்கியை நிறுத்திவைத்து, 12ஆம் பதிப்பு முதல் கிடைக்கும் பிஜி-செக்சம்ஸ் என்னும் நிரலால் பழைய தரவிலும் அத்தொகையை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.